மயக்க மருந்து கொடுக்கும் நர்ஸ் படிப்பு: வாசலில் என்ன கேட்கிறார்கள்?



ஆபரேஷன் என்றதும் நம் நினைவுக்கு வருபவர் கத்தி பிடிக்கும் சர்ஜன்தான். ஆனால் நோயாளியின் தலைமாட்டில் இன்னொருவர் நிற்கிறார். நோயாளியைத் தூங்க வைத்து, மூச்சையும் ரத்த அழுத்தத்தையும் காத்து, மறுபடி கண் விழிக்க வைப்பவர் அவர்தான். நம் நாட்டில் அந்த இடத்தில் நிற்பவர் அதற்கென மேற்படிப்பு முடித்த டாக்டர். அமெரிக்காவில் டாக்டர்களோடு, தனிப் பயிற்சி பெற்ற நர்ஸ்களும் அந்த வேலையைச் செய்கிறார்கள். அவர்களைச் சுருக்கமாக 'சி.ஆர்.என்.ஏ.' என்பார்கள். அந்தப் படிப்பில் இடம் பிடிப்பது எப்படி என்பதே இக்கட்டுரை. "இன்ஸ்ட்ருமென்டேஷன் படிக்கிற பையனுக்கு இது எதுக்குடா?" என்று கேட்பீர்கள். காரணம் பின்னால் வருகிறது.

1. வந்த வழி

1846 அக்டோபர் 16 அன்று பாஸ்டன் நகரில் மார்ட்டன் என்ற பல் மருத்துவர் ஈதர் கொடுத்து, வலி தெரியாமல் ஆபரேஷன் செய்ய முடியும் என்று எல்லோர் முன்னும் காட்டினார். மருந்து கிடைத்துவிட்டது. அதைக் கவனமாகக் கொடுக்க ஆள்தான் இல்லை. சர்ஜன் வயிற்றைப் பார்ப்பாரா, மூச்சைப் பார்ப்பாரா? எனவே அங்கே நர்ஸ்களைப் பழக்கினார்கள். மேயோ மருத்துவமனையில் பணியாற்றிய ஆலிஸ் மகாவ் என்ற நர்ஸ், 14,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு மயக்க மருந்து கொடுத்தும் அதனால் ஓர் உயிர்கூடப் போகவில்லை என்று 1906-ல் எழுதினார். 1931-ல் இவர்களுக்கென்று தேசிய சங்கம் உருவானது. இது டாக்டர் செய்ய வேண்டிய வேலை என்று கலிபோர்னியாவில் வழக்குக்கூட நடந்தது. 1936-ல் தீர்ப்பு நர்ஸ் பக்கமே வந்தது.

2. கேட்கும் தகுதிகள்

(அ) நர்ஸிங்கிலோ அதற்குப் பொருத்தமான பாடத்திலோ பட்டம். நம் ஊர் மூன்றாண்டு நர்ஸிங் டிப்ளமோ மட்டும் போதாது. போஸ்ட் பேசிக் பி.எஸ்ஸி. போன்ற ஒரு பட்டம் சேர வேண்டும்.

(ஆ) அமெரிக்க ஆர்.என். லைசென்ஸ். அதற்கு 'என்கிளெக்ஸ்' தேர்வில் தேற வேண்டும்.

(இ) தீவிர சிகிச்சைப் பிரிவில், அதாவது ஐ.சி.யூ.வில், குறைந்தது ஓராண்டு முழுநேர வேலை.

(ஈ) இவை குறைந்தபட்சம். இதற்கு மேல் கல்லூரிக்குக் கல்லூரி மாறும். 4-க்கு 3 என்ற சராசரியைப் பல இடங்களில் கேட்கிறார்கள். வேதியியல், உடலியல் மதிப்பெண்ணைத் தனியாகப் பார்ப்பதும் உண்டு. 'சி.சி.ஆர்.என்.' என்ற தீவிர சிகிச்சைச் சான்றிதழ் கையில் இருந்தால் நல்லது. கடைசியில் நேர்முகத் தேர்வு.

2022 முதல் புதிதாகச் சேருகிறவர்கள் எல்லோருக்கும் இது டாக்டரேட் நிலைப் படிப்பு. பட்டத்தோடு நேரே சேருகிறவருக்குக் குறைந்தது 36 மாதம். அதற்குள் 600 நோயாளிகளுக்காவது மயக்க மருந்து கொடுத்திருக்க வேண்டும். 2,000 மணி நேரம் மருத்துவமனைப் பயிற்சி. பிறகு தேசியத் தேர்வு. சம்பாதித்துக்கொண்டே படிப்பது பெரும்பாலும் நடக்காத காரியம்.

3. ஐ.சி.யூ. எதற்கு?

இங்கேதான் நம் லேப் பாடம் வருகிறது. ஐ.சி.யூ.வில் நோயாளியின் தமனிக்குள் மெல்லிய குழாய் செருகி, உப்புநீர் நிறைந்த டியூப் வழியாக ஒரு டிரான்ஸ்டியூசரில் இணைப்பார்கள். உள்ளே இருப்பது நாம் படித்த ஸ்ட்ரெயின் கேஜும் வீட்ஸ்டன் பிரிட்ஜும்தான். அந்த டிரான்ஸ்டியூசர் நோயாளியின் இதய மட்டத்தில் இருக்க வேண்டும். 10 செ.மீ. ஏறினாலோ இறங்கினாலோ அளவு சுமார் 7 மி.மீ. பாதரசம் தப்பாகிவிடும்.

யாரோ கட்டிலை 20 செ.மீ. தாழ்த்திவிட்டார்கள், டிரான்ஸ்டியூசர் ஸ்டாண்டிலேயே நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 110 இருந்த அழுத்தம் மானிட்டரில் 95 என்று காட்டும். புதியவர் பதறிப்போய் மருந்துக்கு ஓடுவார். பழகியவர் முதலில் நோயாளியின் முகத்தைப் பார்ப்பார், நாடியைத் தொடுவார், கையில் பட்டை கட்டி இன்னொரு தடவை அளப்பார், பிறகு டிரான்ஸ்டியூசரின் உயரத்தைச் சரிபார்ப்பார். நிஜமாகவே அழுத்தம் இறங்கியிருந்தால் ஒரு நொடியும் தாமதிக்க மாட்டார். மயக்கத்தில் இருப்பவர் "எனக்கு ஒரு மாதிரி இருக்கு" என்று வாய் திறந்து சொல்ல முடியாதே! அதனால்தான் எண்ணை நம்பவும், எண்ணைச் சந்தேகிக்கவும் தெரிந்த ஆளைத் தேடுகிறார்கள். அந்தப் பழக்கத்தைப் புத்தகம் மட்டும் தராது.

4. எல்லோரும் விட்டுவிடும் ஒரு வரி

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அதனால் தெருவில் இங்கிலீஷ் பாரம் எது வந்தாலும் என்னிடம்தான் வரும். எங்கள் தெரு அக்கா ஒருவர் டிப்ளமோ நர்ஸாகச் சேர்ந்து, பிறகு போஸ்ட் பேசிக் முடித்து, ஐந்து வருஷமாக ஐ.சி.யூ.வில் நைட் டூட்டி பார்க்கிறார். ஓர் ஏஜென்ட் அவரிடம், "உங்க அஞ்சு வருஷ அனுபவமே போதும், நேரா இந்தக் கோர்ஸ்ல சேர்த்துவிடறோம், ரூ.60,000 அட்வான்ஸ் கட்டுங்க" என்றிருக்கிறார். நகையை அடகு வைக்கும் யோசனையில் இருந்த அக்கா, "தம்பி, கட்டறதுக்கு முன்னாடி நீ ஒரு தடவை படிச்சுப் பாரேன்" என்று கேட்டார்.

உட்கார்ந்து படித்தேன். விதி தெளிவாகவே இருக்கிறது: அந்த ஐ.சி.யூ. அனுபவம் அமெரிக்காவிலோ, அதன் ஆட்சிப் பகுதிகளிலோ, அதன் ராணுவ மருத்துவமனையிலோ பெற்றதாக இருக்க வேண்டும். நம் ஊர் ஐந்து வருஷம் கணக்கில் சேராது. லைசென்ஸ் வாங்கி, விசாவுக்கு வருஷக்கணக்கில் காத்திருந்து, அங்கே நர்ஸாக வேலை பார்த்த பிறகுதான் இந்த வாசலுக்கே வர முடியும்.

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ இந்த அஞ்சு வருஷம் வீணா தம்பி?" என்றார். இல்லை. கட்டிலருகே கற்றது அவர் கையில் இருக்கிறது, அங்கே ஐ.சி.யூ. வேலை கேட்கும்போது அதுதான் பேசும். விண்ணப்பத்தின் கட்டத்தை மட்டும் அது நிரப்பாது. அட்வான்ஸ் கட்டவில்லை. இப்போது டூட்டி முடிந்து வந்து, இரண்டு மணி நேரம் என்கிளெக்ஸ் கேள்விகளைப் போடுகிறார். போவாரா மாட்டாரா என்பது அவர் முடிவு. ஆனால் வழி எவ்வளவு நீளம் என்று தெரிந்தே நடக்கிறார்.

5. நமக்கு என்ன பாடம்?

படித்தவர்கள் வீட்டில் இப்படிப்பட்ட விதிகளைச் சொல்லித் தர அப்பாவோ மாமாவோ இருப்பார்கள். நம்மில் பலருக்கு அப்படி யாரும் இல்லை. அந்த இடத்தில்தான் ஏஜென்ட் வந்து நாற்காலி போட்டு உட்காருகிறார். எந்தப் படிப்பானாலும் சரி, பணம் கட்டுமுன் மூன்றைக் கேளுங்கள். ஒன்று, விதியை எழுதியது யார்? இரண்டு, என் சான்றிதழ் அங்கே என்ன மதிப்புப் பெறும்? மூன்று, என் அனுபவம் எங்கே பெற்றதாக இருக்க வேண்டும்? பதிலை ஏஜென்ட் வாயால் கேட்காமல், விதியை எழுதியவர்களின் எழுத்திலேயே படியுங்கள்.

நண்பர்களே, நாம் கற்ற நாலு வார்த்தை இங்கிலீஷும், லேப்பில் தொட்ட ஒரு டிரான்ஸ்டியூசரும் மதிப்பெண்ணுக்கு மட்டுமல்ல. உங்கள் தெருவிலும் யாராவது ஒரு பாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். வாங்கி, கடைசி வரி வரை படித்துச் சொல்லுங்கள்.