கசாபுக்கும் வக்கீல் எதற்கு?

கேள்வி: கையும் களவுமாகப் பிடிபட்டவனுக்குக்கூட வக்கீல், அப்பீல் என்று சலுகை எதற்கு?

பதில்: சலுகை அல்ல, உரிமை. கைதானவரிடம் காரணத்தைச் சொல்ல வேண்டும், வக்கீலைப் பார்க்க விட வேண்டும், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 22-ஆவது பிரிவு. (தடுப்புக் காவலுக்கு இதில் விலக்கு உண்டு, எனக்கு அதில் உடன்பாடில்லை.) இந்த உரிமைகளால் குற்றவாளி தப்பிவிடுவான் என்று அஞ்சுகிறீர்கள். மும்பைத் தாக்குதலில் பிடிபட்ட கசாபுக்கு வக்கீல் அமர்த்தப்பட்டார், உச்ச நீதிமன்றம்வரை அப்பீல் நடந்தது, 2012 நவம்பரில் தூக்கும் நிறைவேறியது. உரிமை எங்கே குறுக்கே நின்றது?

மறுத்தால் என்னவாகும் என்பதற்குச் சாத்தான்குளம் சாட்சி. 2020 ஜூனில், ஊரடங்கை மீறிக் கடை திறந்திருந்ததாகப் பிடித்துச் செல்லப்பட்ட தந்தையும் மகனும் காவலில் வதைக்கப்பட்டு அடுத்தடுத்து இறந்தார்கள். அவர்களைச் சரிவரப் பார்க்காமலே மாஜிஸ்திரேட் ரிமாண்ட் செய்ததாகப் புகார் எழுந்தது. மாஜிஸ்திரேட் அருகே அழைத்து, உடம்பைப் பார்த்து, “அடித்தார்களா?” என்று கேட்பதற்காகத்தான் அந்த 24 மணி நேரக் கெடுவே. பாதிக்கப்பட்டவருக்கு நீதி வேண்டாமா என்பீர்கள். கட்டாயம் வேண்டும். ஆனால் அடிக்குப் பயந்து அப்பாவி ஒப்புக்கொண்டால், உண்மையில் செய்தவன் வெளியே நடமாடுவான். போலீஸிடம் தரும் ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிரான சாட்சியமாக்கக் கூடாதென்று 1872-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தில் வெள்ளையர் அரசே எழுதிவைத்தது.