கண்ணை இழந்த மகனுக்குக் கையைக் கொடுத்த தாய்

குடும்பப் பாடம்: இசைஞர் ரே சார்ள்சின் வாழ்வும் வளர்ப்பும்



மார்ச் மாதத்திலும் ஆகஸ்ட் மாதத்திலும் தலவில புனித அன்னம்மாள் திருத்தலத்தில் கூடும் சனத்திரளை நீங்கள் அறிவீர்கள். கற்பிட்டியிலிருந்தும் சிலாபத்திலிருந்தும் அதற்கப்பால் வெகு தொலைவிலிருந்தும் வருகிறவர்களுள், பார்வையற்ற பிள்ளையைக் கைப்பிடித்து அழைத்து வரும் தாய்மாரும் உண்டு. பிள்ளைக்குக் கண்ணைக் கொடு என்பதே அவர்களின் மன்றாட்டு. அது நல்ல மன்றாட்டு. ஆனால் திருநாள் முடிந்து, கூடாரத்தைக் கழற்றி, வீடு திரும்பிய பின் அந்தப் பிள்ளையின் பொழுது எப்படிக் கழிகிறது? பல வீடுகளில் அதற்குத் திண்ணையில் ஒரு பாய், வேளைக்குச் சோறு, வருவோர் போவோர் வாயிலிருந்து ஓர் "ஐயோ பாவம்". அவ்வளவுதான். இரவில் தாய் படுத்தபின் ஒரு கேள்வி மாத்திரம் அவளைத் தூங்க விடுவதில்லை: "எனக்குப் பிறகு இந்தப் பிள்ளைக்கு யார்?"

இந்தக் கேள்விக்கு, எழுத்து வாசனை அதிகமில்லாத ஓர் ஏழைத் தாய் தன் வாழ்வால் பதில் சொன்னாள். அவள் பெயர் அரீத்தா. ஊரார் ரீத்தா என்று அழைத்தனர். அவளுடைய மகனே உலகம் போற்றிய அமெரிக்கக் கறுப்பின இசைஞர் ரே சார்ள்ஸ். அவர் கத்தோலிக்கர் அல்லர். அவருடைய வாழ்வு முழுவதும் நாம் பின்பற்றத் தக்கதும் அன்று. எனினும் அவர் வளர்க்கப்பட்ட விதத்தில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது.

இளமையில் விழுந்த இரண்டு இடிகள்

ரே சார்ள்ஸ் ரொபின்சன் 1930 செப்டெம்பர் 23இல் ஜோர்ஜியா மாநிலத்தின் அல்பனி நகரில் பிறந்தார். வளர்ந்தது புளோரிடா மாநிலத்தின் கிறீன்வில் என்னும் சிற்றூரில். தந்தை வீட்டில் தங்கியவர் அல்லர். தாய் பிறர் வீட்டுத் துணிகளைத் துவைத்து, இஸ்திரி போட்டுக் கொடுத்துப் பிழைத்தாள். ரேயின் தந்தையை முன்னர் மணந்திருந்த மேரி ஜேன் என்ற பெண், பகை பாராட்டாமல் அந்தப் பிள்ளைக்கு இரண்டாம் தாயாக இருந்தாள்.

ரேக்கு ஐந்து வயதாக இருந்தபோது, துணி துவைக்கும் பெரிய தொட்டிக்குள் தம்பி ஜோர்ஜ் தவறி விழுந்தான். ரே ஓடிப்போய் இழுத்துப் பார்த்தான். நனைந்த உடையின் பாரம் அந்தச் சிறு கைகளுக்கு மிஞ்சியதாக இருந்தது. தாயைக் கூவி அழைத்து அவள் வந்து தூக்குவதற்குள் தம்பி இறந்து போனான்.

அதன் பின் சில மாதங்களில் ரேயின் பார்வை மங்கத் தொடங்கியது. ஏழு வயதில் முற்றாக மறைந்தது. குளுக்கோமா என்னும் கண் அழுத்த நோயே காரணமாயிருக்கலாம் என்பது பொதுவான கருத்து. வைத்தியர் கைவிரித்து விட்டார். ஒரு பிள்ளையைப் புதைத்த தாய், மற்றப் பிள்ளை இருளுக்குள் போவதைப் பார்த்துக் கொண்டிருந்தாள்.

இரக்கத்தை விடக் கடினமான அன்பு

இத்தகைய தாய் எஞ்சிய பிள்ளையை மடியிலிருந்து இறக்காமல் வைத்திருந்தால் யார் குற்றம் சொல்வார்? ரீத்தா அப்படிச் செய்யவில்லை. பார்வை முற்றாக மறையுமுன்னரே வீட்டின் ஒவ்வொரு பொருளும் எங்கே இருக்கிறது என்று மகனுக்குப் பழக்கினாள். மறைந்த பின்னரும் தரை கழுவும் வேலை, தண்ணீர் அள்ளும் வேலை, விறகு கொத்தும் வேலை எதிலிருந்தும் அவனை விலக்கவில்லை. குருட்டுப் பிள்ளையின் கையில் கோடரியா என்று அயலவர்கள் திகைத்தனர். அவளைக் கல்நெஞ்சக்காரி என்றும் எண்ணினர். தான் எந்நாளும் அவனோடு இருக்கப் போவதில்லை என்பதே அவள் மகனுக்குத் திரும்பத் திரும்பச் சொன்ன காரணம். பார்வை போனாலும் அறிவு போகவில்லை என்பதை அவன் மனத்தில் ஆழமாகப் பதித்தாள்.

இதைச் சற்று நின்று கவனியுங்கள். பிள்ளை இடறும் போது ஓடிப்போய்த் தூக்குவது தாய்க்கு எளிது. அவன் தானாக எழும்பும் வரை பொறுத்து நிற்பதே கடினம். விழிப்புலனற்ற பிள்ளைக்காக எல்லாவற்றையும் நாமே செய்து கொடுத்தால், நோய் கண்ணை எடுத்தது போல நாம் அவன் கையையும் எடுத்து விடுகிறோம். ரீத்தா மகனின் கையைக் காப்பாற்றினாள்.

அந்தக் கைக்குப் பியானோவைக் காட்டியவர் அயலில் சிறு கடை நடத்திய வைலி பிட்மன் என்பவர். மூன்று வயதுக் குழந்தையாக ஓடி வந்து பியானோவில் தட்டிய ரேயை அவர் விரட்டவில்லை. பக்கத்தில் இருத்தி, ஒரு விரலால் ஒரு மெட்டை வாசிக்கக் கற்றுக் கொடுத்தார்.

ஆறு புள்ளிகள் திறந்த கதவு

1937இல் ரீத்தா தன் மகனைச் சென் ஒகஸ்தீன் நகரில் செவிப்புலன், விழிப்புலன் அற்றோருக்காக இருந்த அரசினர் பாடசாலைக்கு அனுப்பினாள். விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும். மகன் அழுதான், கெஞ்சினான். அவள் இணங்கவில்லை. அந்தப் பாடசாலையிலும் வெள்ளையருக்கு ஒரு பக்கம், கறுப்பருக்கு ஒரு பக்கம். நிறத்தையே காண முடியாத பிள்ளைகளையும் பெரியவர்கள் நிறத்தால் பிரித்து வைத்திருந்தார்கள்!

அங்கே ரே பிரெயில் எழுத்தைக் கற்றார். இதைக் கண்டுபிடித்த லூயி பிரெயில் (1809–1852), பிரான்ஸ் நாட்டுக் கத்தோலிக்கர். மூன்று வயதில் தந்தையின் தொழிற்கூடத்தில் ஊசி குத்திப் பார்வையை இழந்தவர். பின்னர் பரிஸ் நகரக் கோயில்களில் ஓர்கன் வாசித்தவர். 1829இல் அவர் வெளியிட்ட முறையில், விரல் நுனிக்குள் அடங்கும் ஆறு புள்ளிகள் எழுத்தாகவும் இசைக் குறிப்பாகவும் மாறின. தமிழையும் இதே ஆறு புள்ளிகளால் எழுதலாம், வாசிக்கலாம்.

பிரெயில் இசைக் குறிப்பை வாசிப்பது இலகுவன்று. ஒரு கை புள்ளிகளைத் தடவும் போது மற்றக் கை மாத்திரமே கட்டையில் இருக்கலாம். ஆகவே சிறிது வாசித்து, மனனம் செய்து, வாசித்துப் பார்த்து, மீண்டும் அடுத்ததைத் தடவ வேண்டும். பாக், மோசாட் போன்றோரின் இசையை ரே இவ்வாறு கற்றார். பிற்காலத்தில் முழு வாத்தியக் குழுவுக்கும் உரிய இசையை மனத்திலேயே அமைத்து, ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனியே சொல்லி எழுதுவிக்கும் ஆற்றல் அவருக்கு இந்தப் பயிற்சியால் வந்தது.

தாய் பயந்த நாள்

1945இல் ரீத்தா இறந்தாள். ரேக்கு அப்போது வயது பதினான்கு. பாடசாலையிலிருந்து வந்த பிள்ளையால் அழவும் முடியவில்லை, உண்ணவும் முடியவில்லை. ஊரில் எல்லோரும் மதித்த மூதாட்டி ஒருவர் அவரைக் கண்டித்து, தாய் எதற்காக உழைத்தாளோ அதை நினைவூட்டிய பிறகே கண்ணீர் வந்தது.

தாய் பயந்த நாள் வந்து விட்டது. அவள் அதற்காக மகனை ஆயத்தம் செய்திருந்தாள். அந்த ஆண்டே ரே பாடசாலையை விட்டு, ஜாக்சன்வில் முதலிய நகரங்களில் பியானோ வாசித்துப் பிழைக்கலானார். 1948இல், தாம் இருந்த இடத்திலிருந்து நாட்டின் மிகத் தொலைவான மூலை எது என்று நண்பரை வரைபடத்தில் பார்க்கச் சொல்லி, சியாட்டில் நகருக்குத் தனியே பஸ் ஏறினார். பதினேழு வயது, பார்வையில்லை, துணையில்லை. கைத்தடியோ வழிகாட்டும் நாயோ வேண்டாம் என்று வாழ்ந்தார். அவை இயலாமையின் அடையாளம் என்பது அவர் எண்ணம். (நம் பிள்ளைகள் அவற்றைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். கைத்தடியில் இழிவு ஏதுமில்லை.)

கோயிற் பாட்டிலிருந்து பிறந்த இசை

சிறுவயதில் ரே ஞாயிறு தோறும் பப்திஸ்து கோயிலுக்குப் போனவர். அங்கே போதகர் ஒரு வரி சொல்ல, சபை முழுவதும் கைதட்டி மறுவரி பாடும். 1954இல் அவர் ஒரு கோயிற் பாட்டின் அமைப்பில் காதற் பாட்டொன்றை அமைத்து ஒலிப்பதிவு செய்தார். கோயிலின் உருக்கமும் உலகப் பாட்டின் தாளமும் கலந்த இவ்வகை இசைக்கு ஆத்துமா என்ற பொருளில் "சோல்" என்று பெயர் வந்தது.

பக்தர்கள் பலர் கோபித்தனர். அவர்கள் கோபம் நமக்கு விளங்கும். பெரிய வெள்ளிக்கிழமை வியாகுலப் பிரசங்கத்தின் இராகத்தில் யாராவது கலியாண வீட்டுப் பாட்டைப் பாடினால் நாம் பொறுப்போமா? தேவனுக்குரியதைச் சந்தைக்குக் கொண்டு போகலாமா என்ற கேள்வி நியாயமானதே. ஆயினும் ஒன்றை ஏற்கத்தான் வேண்டும்: கோயிலில் கேட்ட ஓசை ஒரு பிள்ளையின் உள்ளத்தில் வாழ்நாள் முழுவதும் தங்குகிறது. நம் பாடகர் குழுவில் பார்வையற்ற பிள்ளைக்கும் ஓர் இடம் கொடுத்திருக்கிறோமா?

1961இல் ஜோர்ஜியாவின் ஒகஸ்தா நகரில், ஆடும் தளம் வெள்ளையருக்கு மாத்திரம், கறுப்பர் மாடத்தில் இருக்க வேண்டும் என்று அறிந்ததும் ரே அங்கே பாட மறுத்தார். ஒப்பந்தத்தை மீறியதற்காக 757 டொலர் அபராதம் விதிக்கப்பட்டது. அதே ஜோர்ஜியா, அவர் 1960இல் பாடிப் புகழ்பெறச் செய்த பாட்டை 1979இல் மாநிலப் பாடலாக ஏற்றது.

மறைக்கக் கூடாத பக்கம்

உண்மையை முழுமையாகச் சொல்ல வேண்டும். ரே இளவயதிலேயே ஹெரோயின் என்னும் போதைக்கு அடிமையானார். ஏறத்தாழ பதினேழு ஆண்டுகள் அது அவரை ஆட்டிப் படைத்தது. பொஸ்ரன் நகரில் கைதான பின், 1965இல் வைத்தியசாலையில் சேர்ந்து அதை விட்டொழித்தார். அவருடைய இரண்டு திருமணங்களும் முறிந்தன. பல பெண்களிடத்தில் பன்னிரண்டு பிள்ளைகள் பிறந்தனர். தனித்து வாழப் பழகிய பிள்ளைக்குப் பிறரோடு சேர்ந்து வாழவும் கற்பிக்க வேண்டும். அதைக் கற்பிக்கும் காலம் ரீத்தாவுக்குக் கிடைக்கவில்லை. தாயும் தந்தையும் உயிரோடிருக்கும் நமது வீடுகளுக்கு அந்தக் காலம் இருக்கிறது.

ரே சார்ள்ஸ் 2004 ஜூன் 10இல், தமது எழுபத்து மூன்றாம் வயதில் காலமானார். செவிப்புலன் குறைந்தோருக்கு உதவ 1986இல் அவர் நிறுவிய நிதியம் அவருக்குப் பின்னும் தொடர்ந்தது.

நமது கரையில் செய்யக்கூடியவை

பிறவிக் குருடனைக் கண்டு, இது யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டபோது, அவனும் அல்ல, பெற்றோரும் அல்ல என்று ஆண்டவர் மறுத்தார். ஆகவே பிள்ளையை மறைத்து வைக்க வெட்கமும் வேண்டாம், குற்ற உணர்வும் வேண்டாம். செய்ய வேண்டியவை இவை:

1. குழந்தையின் கண்ணிலிருந்து நீர் ஓயாமல் வழிந்தாலோ, கருவிழி மங்கினாலோ பெருத்தாலோ, வெளிச்சத்துக்குக் கூசினாலோ, தாமதியாமல் அரசினர் வைத்தியசாலையின் கண் பிரிவுக்குக் கொண்டு செல்லுங்கள். குளுக்கோமாவால் இழந்த பார்வை திரும்பாது. எஞ்சிய பார்வையைக் காக்கலாம். நேர்த்திக்கடனும் மருந்தும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

2. வீட்டு வேலையில் பங்கு கொடுங்கள். வலைக்கண்ணை விரலால் அளந்து முடிச்சுப் போடுவதற்கும், கயிறு திரிப்பதற்கும், தேங்காய் துருவுவதற்கும் விரலும் பொறுமையுமே முதலில் வேண்டும்.

3. பாடசாலைக்கு அனுப்புங்கள். மேரி சப்மன் அம்மையார் 1912இல் தொடக்கிய செவிப்புலன், விழிப்புலன் அற்றோர் பாடசாலை இரத்மலானையில் இயங்குகிறது. வடக்கே சுன்னாகத்தில் விழிப்புலனற்றோருக்கான வாழ்வகம் இருக்கிறது. பிரிவது வேதனைதான். ரீத்தாவுக்கும் அது வேதனையாகத்தான் இருந்தது.

4. இசையில் நாட்டமிருந்தால் குருவிடம் ஒப்படையுங்கள். சிறுவயதிலேயே பார்வையிழந்த கும்பகோணம் சரப சாஸ்திரியார் (1872–1904) கர்நாடக இசையில் புல்லாங்குழலுக்குக் கச்சேரி மேடையில் தனி இடம் தேடிக் கொடுத்தார். அந்த நாட்டம் இல்லாத பிள்ளைக்கு வேறு தொழில் தேடுங்கள். பார்வையற்றோர் எல்லோரும் பாடகராக வேண்டுமென்று நியதி இல்லை.

குடும்பமாக அமர்ந்து சிந்திக்க

• நம் வீட்டிலோ அயலிலோ உள்ள அங்கவீனமுற்ற பிள்ளை, தன் கையால் செய்யும் வேலை ஒன்றாவது உண்டா?

• அப்பிள்ளையைப் பெயர் சொல்லி அழைக்கிறோமா, குறையைச் சொல்லி அழைக்கிறோமா?

• வைலி பிட்மன் போல, பிறர் பிள்ளைக்குக் கால் மணி நேரம் செலவிட நம்மால் முடியுமா?

"எனக்குப் பிறகு இந்தப் பிள்ளைக்கு யார்?" என்று கலங்கும் தாய்மாரே, உங்களுக்குப் பிறகு உங்கள் பிள்ளைக்கு உற்றார் உண்டு, பங்குச் சமூகம் உண்டு. எல்லோருக்கும் முன்னே, நீங்கள் இன்று பழக்கிவிடும் அதன் சொந்தக் கைகள் உண்டு. நாளைக் காலையில் அந்தக் கையில் ஒரு வேலையைக் கொடுத்துத் தொடங்குங்கள்.