அனுமதி கேளாமல் நுழையும் கண்

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. அவன் தூதர் மீது ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக.

பிறர் இல்லத்தில் நுழையுமுன் அனுமதி பெற்று, அவ்வில்லத்தாருக்கு ஸலாம் கூற வேண்டும் என்று திருமறையின் அந்நூர் அத்தியாயம் 27-ஆம் வசனத்தில் வல்ல அல்லாஹ் கட்டளையிடுகின்றான். திரும்பிப் போகும்படி சொல்லப்பட்டால் திரும்பிவிட வேண்டும் என்பது அடுத்த வசனத்தின் கட்டளை. மூன்று முறை அனுமதி கேட்டும் பதில் இல்லையெனில் திரும்பிவிட வேண்டும் என்பது நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. அபூமூஸல் அஷ்அரீ (ரலி) அவர்கள் கலீஃபா உமர் (ரலி) அவர்களின் வாசலிலிருந்தே அவ்வாறு திரும்பிய செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் பதிவாகியுள்ளது.

இவையெல்லாம் காலால் நடந்து வரும் விருந்தாளிக்கு மட்டும் உரிய சட்டம் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். இன்றோ நம் வாசலில் கேமரா பார்த்துக் கொண்டிருக்கிறது. கூடத்தில் இணையத்தோடு இணைந்த டி.வி. இருக்கிறது; பேச்சைக் கேட்டுப் பதில் சொல்லும் ஸ்பீக்கரும் சில வீடுகளுக்கு வந்துவிட்டது. இவற்றுக்கும் இச்சட்டத்துக்கும் உள்ள தொடர்பை இம்மாதப் பாடமாகக் கொள்வோம்.

சட்டத்தின் காரணம்

நாயகம் (ஸல்) அவர்கள் தம் இல்லத்தில் சீப்பு போன்றதொரு கருவியால் தலையைக் கோதிக் கொண்டிருந்தபோது, ஒருவர் கதவுத் துவாரத்தின் வழியே உள்ளே எட்டிப் பார்த்தார். பெருமானார் அவரைக் கடுமையாகக் கண்டித்தார்கள். அனுமதி கேட்பது விதிக்கப்பட்டதே பார்வையின் காரணமாகத்தான் என்றும் விளக்கினார்கள். ஸஹ்ல் பின் ஸஃது (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்த ஹதீஸும் அவ்விரு நூல்களிலும் உள்ளது.

அம்மனிதர் வாசற்படியைத் தாண்டவில்லை. எதையும் எடுக்கவில்லை. அவர் கண் மட்டுமே உள்ளே சென்றது. அதுவே குற்றமாயிற்று. ஆகவே, கண் எங்கே நுழைகிறதோ அங்கே அனுமதிச் சட்டமும் நுழைகிறது. அந்தக் கண் மனிதனுடையதாயினும், மனிதன் மாட்டி வைத்த கேமராவினுடையதாயினும் காரணம் ஒன்றே.

பிறர் வீட்டுக்குச் சென்றால் நாயகம் (ஸல்) அவர்கள் வாசலுக்கு நேரே நிற்க மாட்டார்கள். வலப்புறமோ இடப்புறமோ ஒதுங்கி நின்றே ஸலாம் கூறுவார்கள். அந்நாளில் கதவுகளுக்குத் திரை இல்லாததே இதற்குக் காரணம் என அப்துல்லாஹ் பின் புஸ்ர் (ரலி) அவர்கள் கூறுவதை அபூதாவூதில் காண்கிறோம்.

நம் தெருக்களில்

ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பகுதிகளில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும் சந்துகள் அநேகம். நம் வாசலிலிருந்து பத்தடி தூரத்தில் எதிர்வீட்டு வாசல். வீட்டு முன்புறம் அடி பம்பு. பஜ்ருக்கு முன்பே பெண்கள் குடத்துடன் வந்து தண்ணீர் அடிப்பார்கள். அங்கேயே பாத்திரம் கழுவுவார்கள். ஆண்களோ துறைமுகத்திலும் தொழிற்சாலைகளிலும் ஷிப்டு வேலையில் இருப்பார்கள். இரவில் வீடு பெண்களையும் பிள்ளைகளையும் நம்பியே இருக்கிறது. அந்த அச்சத்தால் கேமரா வாங்குகிறோம். தெருதோறும் கேமரா வைக்கும்படி ‘மூன்றாவது கண்’ என்ற திட்டத்தின் வழியே சென்னைக் காவல்துறையும் ஊக்கம் அளித்தது.

பொருளையும் உயிரையும் காக்கக் கருவி வைப்பது கூடாது என்று நாம் கூறவில்லை. ஆனால் நம் கதவுக்கு மேலே மாட்டிய கேமரா, எதிர்வீட்டுத் திரை விலகும்போதெல்லாம் உள்ளே பார்க்கிறதே! அண்ணலார் ஒதுங்கி நின்ற இடத்தில் நம் கேமரா இரவும் பகலும் நேருக்கு நேர் நிற்கிறது. எதிர்வீட்டார் நம்மைப் போல் ஏழைகளாயிருந்தால், வாய் திறந்து கேட்கவும் தயங்குவார்கள்.

நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது? ஓய்வு பெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில், அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று உச்சநீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் 24-8-2017 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். பின்னர் 2023-ஆம் ஆண்டில் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. எனினும், தனி மனிதர் தம் சொந்த அல்லது வீட்டு உபயோகத்துக்காகக் கையாளும் தகவலுக்கு அச்சட்டம் பொருந்தாது. அண்டை வீட்டாரின் ஹக்கைப் பேணும் பொறுப்பு பெரும்பாலும் நம் இறையச்சத்திடமே விடப்பட்டிருக்கிறது.

படம் எங்கே செல்கிறது?

வெளியூரிலிருந்து செல்போனில் வீட்டைப் பார்க்க முடிகிறதென்றால், பல கேமராக்களில் அப்படம் விற்பனை செய்த கம்பெனியின் கணினி வழியாகவே நம் கைக்கு வருகிறது. அமேசானுக்குச் சொந்தமான ‘ரிங்’ கேமராக் கம்பெனியின் ஊழியர் ஒருவர், 2017-இல் பெண்களின் வீடுகளில் பதிவான ஆயிரக்கணக்கான படங்களைப் பார்த்துக் கொண்டிருந்தார் என 2023-இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் குற்றம் சாட்டியது. 58 இலட்சம் டாலர் செலுத்த அக்கம்பெனி ஒப்புக் கொண்டது. டி.வி.யும் விலக்கல்ல. வீட்டார் என்ன பார்க்கிறார்கள் என்பதை 1 கோடியே 10 இலட்சம் டி.வி.க்களிலிருந்து நொடிக்கு நொடி சேகரித்ததாக ‘விசியோ’ கம்பெனி மீது 2017-இல் அதே ஆணையம் நடவடிக்கை எடுத்தது.

நம் நாட்டிலும் நடந்தது. குஜராத் மாநிலம் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் கேமராவிலிருந்து, பரிசோதனைக்கு வந்த பெண்களின் படங்கள் திருடப்பட்டு இணையத்தில் விலைக்கு விடப்பட்ட செய்தி 2025 பிப்ரவரியில் வெளியாயிற்று. எளிதில் ஊகிக்கக்கூடிய பாஸ்வேர்டை மாற்றாமல் விட்டதே திருடர்களுக்கு வழி திறந்தது. பிரசவத்துக்கு வந்த அப்பெண்களின் நிலையில் நம் சகோதரிகளை வைத்து எண்ணிப் பாருங்கள்.

வீட்டுக்குள்ளே

பஜ்ருக்கு முன், நண்பகலில் ஆடை களைந்து ஓய்வெடுக்கும்போது, இஷாவுக்குப் பின் ஆகிய மூன்று நேரங்களில் வீட்டுச் சிறுவர்களும் பணியாளர்களுமே அனுமதி கேட்டுத்தான் வரவேண்டும் என்று அந்நூர் 58-ஆம் வசனம் விதிக்கிறது. சொந்தக் குழந்தையைக் கூட நிறுத்தி வைக்கும் நேரத்தில், அந்நியர் கைக்குச் செல்லத்தக்க ஒரு கண்ணைத் திறந்து வைப்பது எவ்வாறு பொருந்தும்?

கணவர் கப்பலிலோ வளைகுடா நாட்டிலோ இருக்கிறார். பிள்ளைகளைக் காணும் ஆசையில் கூடத்தில் கேமரா வைக்கிறார். வீட்டார் சம்மதத்தோடு அது நடந்தால் நல்லதே. ஆனால் மனைவி எங்கே சென்றாள், யார் வந்தார் என்று இரவு பகலாகத் துருவுவதற்காக அது பயன்பட்டால்? பயணம் போனவர், மனைவியைச் சந்தேகித்து அவளது குறைகளைக் கண்டுபிடிக்கும் நோக்கில் இரவில் திடீரென வீடு வருவதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள் என்பது ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவித்து முஸ்லிமில் பதிவான ஹதீஸ். நேரில் வந்து துருவுவதே தடுக்கப்பட்டதென்றால், கடல் கடந்து ஒவ்வோர் இரவும் துருவுவது எப்படி ஆகும்? துருவி ஆராய்வதை அல்ஹுஜுராத் 12-ஆம் வசனம் வெளிப்படையாகத் தடுக்கிறது.

பேச்சும் அமானிதமே. ஒருவர் பேசும்போது சுற்றுமுற்றும் பார்த்துக் கொண்டால், அப்பேச்சு அமானிதம் என அண்ணலார் கூறியதாகத் திர்மிதீயில் வந்துள்ளது. மருமகளின் மனக்குறை, பெண் கேட்டு வந்த பேச்சு, கடன் விவகாரம் ஆகியவற்றைக் கூடத்தில் பேசுகிறோம். தன் பெயர் அழைக்கப்படுகிறதா என்று அந்த ஸ்பீக்கர் காது கொடுத்தபடியே இருக்கிறது. தவறாகப் புரிந்து கொண்டால் நம் பேச்சைப் பதிந்து அனுப்பியும் விடும்.

செய்ய வேண்டியவை

1. கேமராவை நம் வாசல், நம் படி வரை மட்டும் தெரியும்படி தாழ்த்துங்கள். அண்டை வீட்டாரை அழைத்துப் படத்தைக் காட்டி, அவர்கள் மனம் ஒப்பும்படி திருப்பி வையுங்கள்.

2. படுக்கையறையிலும் பெண்கள் புழங்கும் இடத்திலும் வேண்டாம். கூடத்தில் இருந்தால் அம்மூன்று நேரங்களிலும் அணைத்துவிடுங்கள். வரும் விருந்தாளிக்கும் வேலை செய்ய வரும் பெண்ணுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

3. கருவியோடு வந்த பாஸ்வேர்டை அன்றே மாற்றுங்கள். மாட்டிக் கொடுத்தவர் தம் செல்போனிலேயே கணக்கைத் திறந்திருந்தால், அவர் போன பின்பும் அவருக்கு நம் வீடு தெரியும். கணக்கை நம் பெயருக்கு மாற்றிக் கொள்ளுங்கள்.

4. டி.வி.யின் அமைப்புகளில், பார்ப்பதைக் கணக்கெடுக்கும் அனுமதியை நிறுத்துங்கள். குடும்ப விஷயம் பேசும்போது ஸ்பீக்கரின் மின் இணைப்பை எடுத்துவிடுங்கள்.

5. கேமராவில் பதிந்த தெருச் சண்டையையோ ஒருவரின் தடுமாற்றத்தையோ வாட்ஸ்அப்பில் பரப்பாதீர்கள். திருட்டு நடந்தால் போலீசாரிடம் கொடுங்கள். ஒரு முஸ்லிமின் குறையை மறைப்பவரின் குறையை மறுமையில் அல்லாஹ் மறைக்கிறான் என்பது நபிமொழி.

தம் வீட்டு நிலைமைக்கேற்ப ஐயம் எழுந்தால் மஹல்லா ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவு பெறுக. நம் குறைகளை மறைத்து, நம் இல்லங்களின் கண்ணியத்தையும் அண்டை வீட்டாரின் கண்ணியத்தையும் காப்பதற்கு அல்லாஹ் நமக்குத் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.