பாம்புக் கடியும் அதன் மருந்தும்: அங்கத்தினர் கேள்விகளுக்கு விடை

வீரசோழன், நரிக்குடி, திருச்சுழி முதலிய ஊர்ப் பக்கங்களில் சங்கத்தின் பொதுச்சபை கூடி, வரவு செலவும் கடன் பாக்கியும் பேசி முடிந்த பின்னர், அங்கத்தினர்கள் தேக சௌக்கியத்தைப் பற்றியும் சில கேள்விகள் கேட்பதுண்டு. அவற்றுள் புரட்டாசி பிறந்து விதைப்புக் காலம் நெருங்கும்போது தவறாமல் எழும் கேள்வி ஒன்று. பாம்பு கடித்தால் முதலாவது செய்யவேண்டுவது யாது? அதற்கு மெய்யான மருந்து எது? அது யாரிடம் கிடைக்கும்? இப்பாடத்தில் அவ்வொரு விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். காய்ச்சல், வயிற்றுப்போக்கு போன்றவற்றில் யோசிக்க ஓரிரு நாளேனும் அவகாசம் உண்டு. இதிலோ மணிக்கணக்கே உண்டு. சில வேளைகளில் அதுவும் இல்லை.

2020ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆராய்ச்சி, 2000 முதல் 2019 வரை இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர், அதாவது ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர், பாம்புக் கடியால் மாண்டனர் என்று மதிப்பிட்டது. இதற்கு முன்னர் 2005ஆம் ஆண்டைப் பற்றிச் செய்த மற்றொரு கணக்கும் உண்டு. அதன்படி இறந்தவர்களில் நூற்றுக்கு 97 பேர் கிராமவாசிகள். நூற்றுக்கு 77 பேர் வைத்தியசாலைக்கு வெளியிலேயே உயிர் நீத்தவர்கள். இந்த 77 என்னும் எண்ணை அங்கத்தினர்கள் சற்று நின்று கவனிக்கவேண்டும். மருந்து கொடுத்தும் பயனில்லாமல் இறந்தவர்களைவிட, மருந்துள்ள இடத்திற்கே போய்ச் சேராமல் இறந்தவர்கள் மிகப் பலர் என்பது அதிலிருந்து விளங்கும்.

நம் நாட்டில் பெரும்பாலான சாவுகளுக்குக் காரணமான பாம்புகள் நான்கு: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். நமது மானாவாரிப் பிரதேசத்தில் இவற்றுள் சுருட்டையை அற்பமாக எண்ணுவோர் அநேகர். ஒரு முழம் நீளங்கூட இராது. கல்லிடுக்கிலும் காய்ந்த மண்ணிலும் சுருண்டு கிடக்கும். செதிலோடு செதிலை உரசி அரம் தேய்ப்பதுபோல் ஓசையிடும். கடித்த இடம் சிறிதே வீங்கி, வலியும் தாங்கக்கூடியதாக இருப்பதால், ‘சிறு பூச்சிதானே’ என்று மறுநாளும் வேலைக்குச் செல்வார்கள். அதற்குள் இரத்தம் உறையும் குணத்தை இழந்து, பல் ஈறிலும் சிறுநீரிலும் கசியத் தொடங்கிவிடும். கண்ணாடி விரியனின் விஷமும் இரத்தத்தையே கெடுப்பது. ஆயினும் வலியும் வீக்கமும் அதிகம், சிறுநீரகத்தையும் அது பாழாக்கும். சீமைக் கருவேல் வெட்டப் போகிறவர்களும், கரிமூட்டத்திற்கு விறகு அடுக்குகிறவர்களும், மிளகாய்த் தோட்டத்தில் களையெடுக்கும் பெண்களும் இவ்விரண்டிற்கும் எளிதில் ஆளாகிறார்கள்.

கட்டுவிரியனின் வழி வேறு. அது இரவில் வீட்டிற்குள் வரும். தரையில் பாய் விரித்து உறங்குகிறவர்களையே பெரும்பாலும் கடிக்கும். வலியும் இராது, கடிவாயும் தெரியாது. விடியற்காலையில் வயிறு வலிக்கிறது, தொண்டை அடைக்கிறது, கண்ணிமை தூக்க முடியவில்லை என்று ஒருவர் சொன்னால், அஜீரணம் என்று கஷாயம் காய்ச்சிக்கொண்டிருக்கலாகாது. சுவாசம் நிற்பதற்கு முன்னர் வைத்தியசாலை சேரவேண்டும். நல்ல பாம்பின் விஷமும் நரம்பையே தாக்கும். ஆனால் அதில் கடிவாய் வீங்கி வலிப்பதால் எவரும் ஏமாறுவதில்லை.

இனி மருந்தைப் பற்றி. பாம்பு விஷத்திற்கு நிரூபிக்கப்பட்ட மருந்து ஒன்றே ஒன்றுதான். அதற்கு விஷமுறிவு மருந்து என்று பெயர். பிரெஞ்சு வைத்தியராகிய ஆல்பெர் கால்மெட் முதலியோர் 1890களில் இதைக் கண்டனர். செய்யும் முறை இது: பாம்பின் விஷத்தை மிக மிகச் சிறிய அளவில் குதிரைக்கு ஊசி வழியாகச் செலுத்தி, வாரக்கணக்கில் அளவைச் சிறிது சிறிதாக உயர்த்துவார்கள். குதிரையின் உடல் அவ்விஷத்தை எதிர்க்கும் பொருளைத் தன் இரத்தத்திலேயே உண்டாக்கிக்கொள்ளும். அவ்விரத்தத்தில் ஒரு பங்கை எடுத்து, தெளிந்த நீரைப் பிரித்துச் சுத்தி செய்தால் அதுவே மருந்து. நம் நாட்டில் செய்யப்படுவது மேற்கூறிய நான்கு பாம்புகளின் விஷத்தையும் ஒருங்கே முறிக்கவல்லது. ஆகையால் கடித்தது அந்நான்கில் எது என்று தெரியாவிட்டாலும் வைத்தியருக்குப் பெரிய இடையூறில்லை. பாம்பைத் தேடி அடித்து, சாக்கில் கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழக்கம் வீண். அதில் இன்னொருவரும் கடிபட்ட செய்தி உண்டு.

சரி, குதிரைக்குச் செலுத்த அவ்வளவு விஷம் எங்கிருந்து வருகிறது? இதற்குரிய விடை கூட்டுறவாளர்களாகிய நமக்குத் தனிப்பட்ட மகிழ்ச்சியைத் தரத்தக்கது. அது ஒரு கூட்டுறவுச் சங்கத்திலிருந்து வருகிறது. அதுவும் நம் தமிழ்நாட்டிலேயே.

செங்கற்பட்டு ஜில்லாவில், மாமல்லபுரம் போகும் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலி என்ற ஊரில் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. இருளர் என்னும் பழங்குடி மக்கள், மண்ணிலுள்ள தடத்தைக் கண்டே எந்தப் பாம்பு, எந்த வளைக்குள் போயிற்று என்று சொல்லும் திறமை பெற்றவர்கள். முன்னாளில் அவர்கள் பாம்பைப் பிடித்துத் தோல் வியாபாரிகளுக்கு விற்றுப் பிழைத்தனர். 1972ஆம் ஆண்டு வனஜீவராசிகள் பாதுகாப்புச் சட்டம் வந்து, அதன்பின் தோல் ஏற்றுமதியும் நின்றுபோகவே, அந்தப் பிழைப்பு அற்றுப்போயிற்று. அச்சமயத்தில், சென்னை முதலைப் பண்ணையை நிறுவிய ரோமுலஸ் விட்டேகர் என்பவரின் முயற்சியால் 1978இல் இச்சங்கம் ஏற்பட்டது. பாம்பைக் கொன்று ஒரு முறை தோலுக்கு விலை பெறுவதைவிட, உயிரோடு வைத்து விஷத்தை எடுத்து, பாம்பையும் திரும்பக் காட்டிலேயே விட்டுவிடுவது லாபம் என்பது அதன் அடிப்படை யோசனை.

அச்சங்கத்தின் நடைமுறையைக் கேட்டால், கணக்கு எழுதும் காரியதரிசிகளுக்கு மிகவும் பிடிக்கும். பால் உற்பத்தியாளர் சங்கத்தில் பாலை ஊற்றிப் பணம் பெறுவதுபோல், அங்கத்தினர் பாம்பைக் கொண்டுவந்து கொடுத்து அதன் ஜாதிக்குத் தக்க விலை பெறுகிறார். வனத்துறையார் அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் ஒன்றும் பிடிக்கலாகாது. மணல் பரப்பிய மண்பானையில் பாம்பை இட்டு, துணியால் வாய் கட்டி வைப்பார்கள். ஏறக்குறைய மூன்று, நான்கு வாரம் வைத்து, வாரம் ஒரு முறையாக நான்கு முறை விஷம் எடுப்பார்கள். பின்னர் வயிற்றுச் செதிலில் ஓர் அடையாளம் செய்து காட்டில் விட்டுவிடுவார்கள். அடையாளம் உள்ள பாம்பை உடனே மறுபடி பிடித்துவந்து பணம் கேட்க முடியாது. கணக்குச் சுத்தத்திற்கு இதைவிட நல்ல உதாரணம் நான் அறியேன். விஷத்தைக் குளிர வைத்து உலர்த்திப் பொடியாக்கி, மருந்து செய்யும் ஸ்தாபனங்களுக்குக் கிராம் கணக்கில் விற்பார்கள். இச்சங்கத்தைச் சார்ந்த மாசி சடையன், வடிவேல் கோபால் ஆகிய இருவரை 2017இல் அமெரிக்காவிலுள்ள புளோரிடா மாகாணத்தார் மலைப்பாம்பு பிடிக்க வரவழைத்தனர். 2023இல் இந்திய சர்க்கார் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது அளித்தது. எழுத்து வாசனையில்லாத குடும்பங்களில் பிறந்தவர்களின் கைத்திறமை ஒரு சங்கமாகச் சேர்ந்ததனால், நாட்டில் எத்தனையோ வைத்தியசாலைகளின் அலமாரியில் மருந்தாக வந்து நிற்கிறது.

விஷத்தின் குணம் பிரதேசத்துக்குப் பிரதேசம் சிறிது வேறுபடும் என்பது வைத்தியர் கண்ட உண்மை. வட இந்தியாவில் சில இடங்களில் இம்மருந்து அதிகமாகத் தேவைப்படுவதற்கு அதையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள். தமிழ்நாட்டுப் பாம்பின் விஷத்தால் செய்த மருந்து ஆதலால் இங்குள்ளவர்கள் அவ்வளவு கவலைப்பட வேண்டியதில்லை.

பாடம் போட்டும், விஷக்கல் வைத்தும், பச்சிலை கொடுத்தும் பிழைத்தவர்களை நாங்கள் கண்ணால் கண்டிருக்கிறோமே என்று பெரியோர் கேட்பார்கள். கண்டது மெய்தான். ஆயினும் நாம் காணும் பாம்புகளில் பெரும்பாலானவை சாரை, தண்ணீர்ப் பாம்பு முதலிய விஷமற்றவை. விஷப் பாம்பும் சில சமயங்களில் விஷத்தைச் செலுத்தாமலே கடித்துவிட்டுப் போவதுண்டு. அப்படிப்பட்டவர்கள் ஒன்றும் செய்யாமல் இருந்தாலும் பிழைத்திருப்பார்கள். பெயர் மட்டும் கல்லுக்கும் பாடத்துக்கும் போய்ச் சேர்ந்தது. பாடம் போடுகிறவரோடு விரோதம் பாராட்டவேண்டுவதில்லை. நம்பிக்கை மிகுந்த குடும்பத்தார் அவரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கே போகலாம். அவர் வழியில் மந்திரிப்பதால் நஷ்டமில்லை. அவர் வீட்டு வாசலில் காத்திருப்பதே நஷ்டம்.

கயிற்றாலோ துண்டாலோ கடிவாய்க்கு மேலே இறுக்கிக் கட்டுவது இன்னும் பெரிய தீங்கு. விரியனின் விஷம் ஓரிடத்தில் தேங்கினால் அங்குள்ள சதை அழுகும். பின் கட்டை அவிழ்க்கும்போது தேங்கிய விஷம் ஒரே வேகத்தில் உடலில் ஏறும். உயிர் பிழைத்துக் கால் போனவர்கள் உண்டு. கடிவாயைக் கீறுதல், வாயால் உறிஞ்சுதல், பனிக்கட்டி வைத்தல் இவையும் கூடா. செய்யவேண்டியது மிகச் சுருக்கமே: கடிபட்டவரை நடக்கவிடாமல் படுக்கவைத்துத் தைரியம் சொல்லுங்கள், வீங்குமுன் மோதிரம், காப்பு, கொலுசு, மெட்டி இவற்றைக் கழற்றுங்கள், எலும்பு முறிந்தால் செய்வதுபோல் ஒரு பலகையோ கம்போ வைத்துக் கையையாவது காலையாவது அசையாமல் தளரக் கட்டுங்கள், கடித்த நேரத்தைக் குறித்துக்கொண்டு 108க்குச் சொல்லுங்கள். வாகனம் வரத் தாமதமானால், மோட்டார் சைக்கிளில் ஓட்டுகிறவருக்கும் பின்னால் ஒருவருக்கும் நடுவே கடிபட்டவரை உட்காரவைத்துக் கொண்டுபோகலாம்.

எங்கே கொண்டுபோவது? அருகிலுள்ள சர்க்கார் வைத்தியசாலைக்கு. அங்கு இம்மருந்துக்குப் பணமில்லை. தனியார் இடத்தில் செலவு பெரிது. அதற்காக இரவோடிரவாக நகையை அடகுவைத்தவர்கள் நம் சங்கங்களிலேயே உண்டு. செலவு ஏன் பெரிது என்பதையும் ஒரு சிறு கணக்கால் அறியலாம். 10 மில்லிலிட்டர் கொண்ட ஒரு குப்பி, கண்ணாடி விரியன் விஷத்தில் 6 மில்லிகிராமை முறிக்கும். அப்பாம்பு ஒரு கடியில் செலுத்துவது சராசரி 63 மில்லிகிராம். ஆகவே தொடக்கத்திலேயே 8 முதல் 10 குப்பி வரை தேவை. குழந்தைக்கும் அதே அளவுதான். சிறு பிள்ளைக்கு இவ்வளவு மருந்தா என்று தாய்மார் அஞ்சவேண்டா. பாம்பு ஆளைப் பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லை.

மருந்தை உடனே போடாமல் வைத்தியர் காத்திருக்கிறார் என்று சிலர் சினம் கொள்கிறார்கள். சிறிது இரத்தத்தைச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிஷம் அசைக்காமல் வைத்துப் பார்ப்பது ஒரு பரீட்சை. உறைந்தால் நல்லது, உறையாமல் நீராகவே ஓடினால் விரியனின் விஷம் ஏறியிருக்கிறது. குதிரையின் இரத்தத்திலிருந்து வந்த மருந்தாகையால் சிலருக்கு ஒவ்வாமல் மூச்சு முட்டும். எனவே விஷம் ஏறியதற்கு அடையாளம் இல்லாதவருக்கு அதைப் போடுவது முறையன்று. அந்த 20 நிமிஷத்தில் சண்டையிட்டு வேறிடத்திற்குக் கிளம்புவதால் வழியிலேயே காலம் போய்விடும்.

2024 நவம்பரில் தமிழ்நாட்டு சர்க்கார் பாம்புக் கடியை, வைத்தியசாலைகள் கட்டாயம் அறிவிக்கவேண்டிய வியாதிகளில் சேர்த்தது. எந்தப் பக்கத்தில் கடி அதிகம், எங்கு மருந்து அதிகம் வேண்டும் என்பது இதனால் தெரியவரும். ஆதலால் லேசான கடியாயினும் வீட்டோடு வைத்துக்கொள்ளாமல் ஆஸ்பத்திரியில் பதியவைப்பது நம் ஊருக்கும் உபகாரம்.

சங்கங்கள் செய்யக்கூடியதும் உண்டு. விதைப்புக்கு முன் நிர்வாகக் கமிட்டியிலிருந்து இருவர், தங்கள் ஊருக்கு அடுத்த ஆரம்ப சுகாதார நிலையத்திற்கும் திருச்சுழி அல்லது அருப்புக்கோட்டை அரசு வைத்தியசாலைக்கும் நேரில் சென்று, எங்கே எந்நேரமும் மருந்து இருக்கும் என்று விசாரித்து, சங்கத்துப் பலகையில் எழுதிவைக்கலாம். இரவில் வண்டி எடுக்கச் சம்மதிப்பவர்களின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் அதன் கீழே எழுதலாம். உரமும் விதையும் விற்கும் சங்கம் கைவிளக்கையும் முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸையும் சேர்த்து விற்றால் என்ன? கட்டிலும் கொசுவலையும் வாங்கச் சிறு கடன் கேட்பவரை ஆடம்பரச் செலவு என்று மறுக்கவேண்டா. வலையின் ஓரத்தைப் படுக்கைக்கடியில் செருகிவிட்டால் கட்டுவிரியன் உள்ளே வர வழியில்லை.

கடைசியாக ஒன்று. அடையாளம் ஒன்றுமில்லை என்று வைத்தியர் சொன்னாலும், கடிபட்டவரை 24 மணி நேரமாவது ஆஸ்பத்திரியில் வைத்திருப்பார்கள். விஷம் சிலருக்குத் தாமதித்தே வெளிப்படும். ஆடு மாட்டைப் பார்க்க ஆளில்லை, சந்தைக்குப் போகவேண்டும் என்று நடுவில் எழுந்து வராதீர்கள். அந்த ஒரு நாள் ஆடு மாட்டை அண்டை வீட்டு அங்கத்தினர் பார்த்துக்கொள்ளட்டும். வீடு திரும்பிய பின்னும் சிறுநீர் குறைந்தாலும் நிறம் மாறினாலும் அன்றே திரும்பிப் போய்க் காட்டுங்கள்.