வளவும் கோழியும் அடுக்களையும்

நெல்லையும் மரக்கறியையும் விளைவித்து நகரத்துக்கு அனுப்பும் கமக்காரரின் வீட்டிலே, அவர்தம் பிள்ளைகள் சோறும் ஒரு சம்பலும் மாத்திரம் உண்டு பள்ளிக்குச் செல்வது பல கிராமங்களில் காணப்படும் நிலையாகும். கத்தரியும் வெண்டியும் விடியுமுன்னரே சாக்கிற் கட்டிச் சந்தைக்கு ஏற்றப்படுகின்றன. முற்றலும் புழுக்குத்தியதுமே வீட்டுக்கு எஞ்சுகின்றன. கோழி இட்ட முட்டை கடைக்குச் செல்கின்றது. அதன் விலைக்குச் சீனியும் தேயிலையும் வருகின்றன. வயல் ஊருக்கு, வளவு வீட்டுக்கு என்னும் பழைய ஒழுங்கு தளர்ந்தமையே இதற்குக் காரணம். அவ்வொழுங்கை மீண்டும் கைக்கொள்ளும் வழி இப்பிரசுரத்திற் கூறப்படுகின்றது.

இதன் அவசியத்தை அண்மைக் காலமே நன்கு உணர்த்தியுள்ளது. 2021ஆம் ஆண்டில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அவ்வாண்டு நவம்பர் மாதத்தில் அத்தடை நீக்கப்பட்டது. 2022ஆம் ஆண்டில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் உணவுப் பொருள்களின் விலை ஏறியபோது, அரசாங்க ஊழியர் வீட்டுத்தோட்டம் செய்யும் பொருட்டு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை அளிக்கப்பட்டது. 2023ஆம் ஆண்டில் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதியாயிற்று. இக்காலங்களிற் கிணற்றடியில் நாலு பாத்தியும் கூட்டில் நாலு கோழியும் வைத்திருந்த குடும்பம், கடையை நம்பியிருந்த குடும்பத்தைவிடக் குறைவாகவே வருந்தியது.

மூன்றும் ஒரே வேலை

தோட்டம், கோழி, அடுக்களை என்பவற்றை மூன்று வெவ்வேறு வேலைகளாகக் கருதுவோர் மூன்றையும் சுமையென எண்ணுவர். உண்மையில் இவை ஒன்றையொன்று தாங்குவன. அடுக்களையிற் கழியும் கீரைத்தண்டு, தேங்காய்ப்பூச் சக்கை, மிஞ்சிய சோறு ஆகியன கோழிக்குத் தீனி. கோழியின் எச்சம் பாத்திக்கு எரு. பாத்தியின் விளைவு அடுக்களைக்கு உணவு. இவ்வட்டத்தில் ஒன்று அறுந்தால் மற்ற இரண்டுக்கும் பணம் செலவிட நேரிடும். கோழி இல்லாத தோட்டத்துக்கு எருவும், தோட்டம் இல்லாத கோழிக்குத் தீனியும் விலைக்கே வாங்கப்படுதல் வேண்டும்.

பாத்தியும் பயிரும்

வீட்டுப் பாத்திகள் கிணற்றுக்கும் அடுக்களைக்கும் அண்மையில் அமைதல் நன்று. அடுப்பில் உலை கொதிக்கும்போது எழுந்து சென்று பறித்துவரக்கூடிய தூரமே தக்க தூரம். பாத்தியின் அகலம் 3 அடிக்கு மேற்படலாகாது. இரு பக்கமும் நின்று கைநீட்டிக் களை பிடுங்க இவ்வகலம் வசதியானது, மண்ணும் மிதிபடாது.

சந்தைக்குச் செய்யும் தோட்டத்தில் ஒரே பயிர் ஒரே நாளில் முற்றுதல் நன்மையாகும். வீட்டுத் தோட்டத்திலோ அது தீமையாகும். முளைக்கீரையை ஒரே முறையில் முழுப் பாத்தியிலும் தூவாது, 10 நாளுக்கு ஒருமுறை ஒரு சிறு துண்டில் மாத்திரம் விதைத்தல் வேண்டும். விதைத்த 25 முதல் 30 நாளிற் கீரை பிடுங்கத்தக்கதாகும். இவ்வாறு செய்யின் ஆண்டு முழுவதும் இளங்கீரை கிடைக்கும். வெண்டியும் பயிற்றையும் ஒரு மாத இடைவெளியில் சிறிது சிறிதாக ஊன்றப்படலாம். வேலியோரத்தில் இரண்டு முருங்கை, கிணற்று நீர் வடியும் இடத்தில் வாழை, ஈரமான மூலையில் வல்லாரையும் பொன்னாங்காணியும், பந்தலிற் பாகலோ புடோலோ இருந்தாற் போதும்.

கத்தரி, தக்காளி, மிளகாய் ஆகியன ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இவற்றை ஒரே பாத்தியில் ஒன்றன்பின் ஒன்றாக நடின் வாடல் நோய் மண்ணில் நிலைபெறும். ஆதலின் இவற்றை அடுத்துக் கீரையோ பயிற்றையோ இடுதல் வேண்டும்.

பாத்திகளைச் சுற்றி 4 அடி உயரத்துக்குக் கிடுகு அல்லது மட்டை வேலி அவசியம். நாற்றைக் கிளறி எறிவதற்கு ஒரு கோழிக்கு ஒரு காலைப்பொழுதே போதும். வேலி தாண்டும் கோழிக்கு ஒரு பக்கச் சிறகின் நீண்ட இறகுகளை மாத்திரம் நறுக்கிவிடின் பறத்தல் தடைப்படும். ஆயினும், ஒரு பாத்தியின் விளைவு முடிந்து அடுத்த பயிர் இடுவதற்கு முன்னர், கோழிகளை ஒரு வாரம் அங்கு விடுதல் நன்று. அவை புழுவையும் கூட்டுப்புழுவையும் களை விதையையும் பொறுக்கித் தின்று மண்ணையும் கிளறிவிடும்.

கூடும் கோழியும்

ஐந்து பேருள்ள குடும்பத்துக்கு 10 பேட்டுக்கோழிகள் போதும். பகலில் மேயவிட்டு இரவில் அடைப்பதற்கு 6 அடி நீளமும் 5 அடி அகலமும் உள்ள கூடு ஏற்றது. அது நிலத்திலிருந்து 2 அடி உயரத்திற் கால்களின்மேல் அமைதல் வேண்டும். நீளப்பக்கம் கிழக்கு மேற்காக இருப்பின் வெயில் உள்ளே விழாது. பக்கங்களுக்குக் கம்பிவலை அடித்து, மேலே கிடுகாலோ பனையோலையாலோ வேய்ந்து, சாரல் படாதவாறு இறவாரத்தைத் தாழ்த்திவிடுக. கீரியும் மரநாயும் பாம்பும் நுழையக்கூடிய இடைவெளி எதுவும் இருத்தலாகாது. நாலைந்து கோழிக்கு ஒன்றாக, 1 அடிச் சதுரமான முட்டைப் பெட்டிகளை இருண்ட மூலையில் வைத்து வைக்கோல் இடுதல் வேண்டும்.

ஊர்க்கோழி ஆண்டொன்றுக்கு 50 முதல் 80 முட்டை வரையே இடும். எனினும் தானே இரை தேடும், அடைகாக்கும், குஞ்சைப் பேணும். ஒரு கோழிக்கு 60 முட்டை எனக் கொள்ளின் 10 கோழிக்கு 600 முட்டையாகும். ஆண்டில் மூன்று முறை 12 முட்டை வீதம் அடைவைக்க 36 போக, எஞ்சுவன 564. வாரத்துக்கு ஏறக்குறைய 11 முட்டை. வீட்டில் ஆளுக்கு இரண்டு. இக்கணக்கு முட்டை கடைக்குப் போகாதவரையே பொருந்தும்.

அடைவைக்கும் முட்டை ஒரு வாரத்துக்கு மேற்படாததாக இருத்தல் வேண்டும். ஏழாம் நாள் இரவில் முட்டையை விளக்கொளியிற் பிடித்துப் பார்த்து, நரம்போட்டம் காணாதவற்றை நீக்குக. 21ஆம் நாளிற் குஞ்சு வெளிவரும். முதல் நாலு வாரம் தாயையும் குஞ்சுகளையும் கூடையின் கீழ்க் காப்பின், பருந்துக்கும் காகத்துக்கும் இரையாவது குறையும். சேவல் இன்றியும் பேடுகள் முட்டையிடும். உண்பதற்கு அம்முட்டை எவ்வகையிலும் குறைந்ததன்று; குஞ்சு மாத்திரம் பொரியாது.

தீனியில் விழிப்பு

மேய்ச்சலோடு காலையும் மாலையும் தவிடு, நொய், சிறிதளவு தேங்காய்ப் பிண்ணாக்கு அல்லது எள்ளுப் பிண்ணாக்கு, அவித்த மீன் கழிவு ஆகியவற்றைக் கலந்து கொடுத்தல் நன்று. அரிந்த முருங்கையிலை நாடோறும் கொடுப்பின் மஞ்சட்கரு நிறமேறும். முட்டையோட்டை வறுத்து நன்றாக நொறுக்கித் தீனியிற் சேர்க்கலாம். நொறுக்காது கொடுப்பின் கோழி தன் முட்டையையே கொத்தப் பழகிவிடும்.

பூஞ்சணம் பிடித்த பிண்ணாக்கையும் தானியத்தையும் கொடுத்தலாகாது. 1960ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் இறந்தன. நிலக்கடலைப் பிண்ணாக்கிற் பூஞ்சணம் உண்டாக்கிய அஃபுளாதொட்சின் என்னும் நஞ்சே அதற்குக் காரணமெனப் பின்னர் அறியப்பட்டது. சுரண்டி எறிவதாலோ அவிப்பதாலோ இந்நஞ்சு நீங்காது. உப்பேறிய கருவாட்டுக் கழிவும் கோழிக்கு ஆகாது. மருந்திட்ட விதைநெல் சிந்திய இடத்திலும், கிருமிநாசினி தெளித்த தோட்டத்திலும் கோழிகளை விடாதிருத்தல் வேண்டும். கிருமிநாசினி இருந்த கொள்கலனை எவ்வளவு கழுவினாலும் தண்ணீர்ப் பாத்திரமாக்கலாகாது. அதில் நீர் அருந்திய கோழியின் முட்டையைப் பிள்ளைகளே உண்பர் என்பதை நினைவிற் கொள்க.

எருவைப் பேணுதல்

10 கோழிகள் ஓர் இரவிற் கூட்டில் இடும் எச்சம் ஏறக்குறைய அரைக் கிலோவாகும். கூட்டின் கீழ் உமியோ சருகோ பரப்பிவைத்து, வாரம் ஒருமுறை அதனைக் கூட்டியள்ளி நிழலிற் குவிக்குக. குவியலை மழையில் நனையாது மூடி, இடையிடையே கிளறி, மூன்று மாதம் மக்கவிடுதல் வேண்டும். புதிய எச்சம் சூடுள்ளது; வேரைக் கருக்கும். நோய்க்கிருமியும் அதில் இருக்கலாம். ஆதலின் பச்சையாக உண்ணும் இலைப் பயிருக்கு அதனை இடுதல் ஒருபோதும் தகாது.

கோழி எச்சத்தோடு அடுப்புச் சாம்பலைக் கலக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அது நட்டமான செயல். சாம்பலின் காரம் எச்சத்திலுள்ள நைதரசனை அமோனியா ஆவியாக்கி வெளியேற்றிவிடும். மூக்கை அரிக்கும் அந்த மணம் காற்றிற் போகும் பசளையின் மணமே. சாம்பலைத் தனியே வைத்திருந்து, வேறொரு நாளிற் பாத்திக்கு இடுக.

ஒரு வீட்டால் ஆகாத வேலை

மேற்கூறிய யாவற்றையும் ஒழுங்காகச் செய்த வீட்டிலும், ஒரு வாரத்திற் கூடு வெறுமையாதல் உண்டு. இராணிக்கெட் நோய் என்னும் நியூகாசில் நோயே பெரும்பாலும் அதற்குக் காரணம். கோழி சோர்ந்து சிறகைத் தொங்கவிடும், வாய்திறந்து மூச்சு வாங்கும், பச்சையாகக் கழியும், சில கழுத்து முறுகிச் சுழலும். சில ஓர் அறிகுறியும் இன்றி விடியலில் இறந்து கிடக்கும். இந்நோய்க்கு மருந்தில்லை. முன்னதாக இடும் தடுப்பு மருந்தே காப்பு.

தடுப்பு மருந்து ஒரு குப்பியில் நூறு கோழிக்கோ அதற்கு மேலோ போதுமான அளவில் வருவது வழக்கம். அதனைக் குளிரிற் பேணுதல் வேண்டும். கலக்கியபின் சில மணி நேரத்தில் இட்டு முடித்தல் வேண்டும். 10 கோழி வைத்திருப்பவர் தனியே ஒரு குப்பியை வாங்கி மிகுதியைக் கொட்டுவது இயலாத காரியம். ஆதலின் அவர் வாங்காது விடுகின்றார், அயலவரும் விடுகின்றார், நோய் எல்லா வளவுகளிலும் புகுகின்றது. இதற்கு ஒரே வழி, பத்துப் பன்னிரண்டு வீட்டார் கூடி ஒரு நாளைக் குறித்து, கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு அறிவித்து, எல்லார் கோழிக்கும் ஒரே காலையில் மருந்திடுவித்தலாகும். கோழிகள் அடைந்திருக்கும் அதிகாலையே அதற்கு ஏற்றவேளை. குறித்த காலத்தில் மீண்டும் இடுவித்தலும் அவசியம்.

சந்தையில் வாங்கிய கோழியை இரண்டு வாரம் தனியே வைத்துப் பார்த்த பின்னரே மற்றவற்றோடு சேர்க்க வேண்டும். நோய் கண்ட கோழியை அவசரமாக விற்பதும், இறந்ததை வாய்க்காலில் எறிவதும் அயலவருக்குச் செய்யும் பெருந்தீங்காகும். இறந்ததை ஆழமாகப் புதைக்குக, அல்லது எரிக்குக.

அடுப்பங்கரையில்

சோறு மாத்திரம் உடலை வளர்க்கப் போதாது. அரிசியின் புரதத்தில் உள்ள குறையை முட்டையும் பயறும் நிரப்புகின்றன. ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம் உண்டு. பச்சிலையிலிருந்து உடல் விற்றமின் ஏயைப் பெறுதற்குச் சிறிதளவு கொழுப்பும் உடன் வேண்டும். கீரைக்குத் தேங்காய் சேர்க்கும் நம் வழக்கம் அறிவோடு பொருந்தியதே.

முருங்கையிலை முட்டை வறை இதற்குத் தக்க உதாரணம். இரண்டு கைப்பிடி முருங்கையிலையைக் கழுவி நீரை வடித்துப் பொடியாக அரிக. அதனோடு அரைக் கோப்பைத் தேங்காய்ப்பூ, சிறிது மஞ்சள், உப்பு ஆகியவற்றைப் பிசறிவைக்குக. தாச்சியில் எண்ணெய் விட்டுக் கடுகு வெடித்ததும் சின்ன வெங்காயமும் செத்தல் மிளகாயும் இட்டு வதக்கி, இலைக் கலவையைச் சேர்த்து மெல்லிய நெருப்பிற் கிளறுக. இலை சுருங்கியதும் மூன்று முட்டையை உடைத்து ஊற்றி, ஈரம் வற்றும்வரை கிளறி இறக்கி, தேசிக்காய்ப் புளி விடுக. வளவிலிருந்தே வந்த இக்கறியுடன் பிள்ளைகள் இன்னொரு பிடி சோறு உண்பர்.

முட்டை பழையதோ என்னும் ஐயமிருப்பின் தண்ணீரில் இட்டுப் பார்க்க. புதியது கிடையாக அடியிற் கிடக்கும், மிதப்பதை நீக்குக. முட்டையை நன்றாக வேகவைத்து உண்பதும், கூட்டில் வேலைசெய்தபின் சவர்க்காரமிட்டுக் கைகழுவுவதும் கட்டாயம். முட்டையிடல் ஓய்ந்த முதுகோழியைக் கறித்தூளிட்டு மெல்லிய நெருப்பில் நீண்டநேரம் வேகவிடின், குழம்பின் சுவை இளங்கோழியிலும் மேற்பட்டதாகும்.

பயனும் மகிழ்ச்சியும்

வளவுத் தோட்டத்தின் பயனைப் பணக்கணக்கில் மாத்திரம் அளத்தல் முறையன்று. நெல்லுக்கு என்ன விலை கிடைக்குமென்பது கமக்காரர் கையில் இல்லை. மழையும் அவர் கையில் இல்லை. வீட்டுப் பாத்தியில் இன்று எதைப் பறிப்பது, எந்தக் கோழியை அடைவைப்பது என்பனவோ அவ்வீட்டாரின் முடிவுகளே. பனி காயுமுன் பறித்த பயிற்றங்காயின் மொறுமொறுப்பும், வைக்கோலில் இளஞ்சூடாகக் கிடக்கும் முட்டையைப் பிள்ளை இரு கையாலும் ஏந்திவருவதும், அந்தியில் ஒவ்வொன்றாக எண்ணிக் கூட்டை அடைப்பதும் விலைகொடுத்துப் பெறக்கூடியனவல்ல. முதியோருக்கும் சிறுவருக்கும் இவை தகுந்த வேலை. வயல்வேலை முடிந்து களைத்து வருவோருக்கு இவை ஆறுதல்.

தொடங்குவோர் எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்க வேண்டியதில்லை. முதலில் ஒரு கீரைப் பாத்தியும் மூன்று கோழியும் போதும். வாரத்தில் இன்ன நாள் முட்டை பிள்ளைகளுக்கு என்று வீட்டார் கூடி முடிவு செய்க. மிஞ்சியது மாத்திரம் கடைக்குச் செல்லட்டும்.

மேலதிக விளக்கம் வேண்டுவோர் தத்தம் பகுதி விவசாயப் போதனாசிரியரையும், கோழி நோய்த் தடுப்புக்குக் கால்நடை வைத்திய அலுவலகத்தையும் அணுகுக.