சோம்பல் சமைத்த ஒரு நாள்

நல்லாசிரியர் சொல்லிக் கொடுப்பதினும் செய்து காட்டுவதையே மாணவர் கற்பர். ஆசிரியப் பயிற்சியின்போது நாம் கற்ற முதற் பாடம் இது. எழுபது அகவையைக் கடந்த பின்னர், உணவு நெறியில் அப்பாடத்தை மீண்டும் கற்க நேர்ந்தது.

இராஜபாளையத்தில் மகன் இல்லத்தில் தங்கியிருந்தோம். மகனும் மருமகளும் வெளியூர் சென்றமையால் பத்து வயதுப் பெயர்த்தி நம் பொறுப்பில் இருந்தாள். அன்று அடுப்பு மூட்ட மனம் வரவில்லை. இரவு முழுதும் அடுக்களையில் மூடிக் கிடந்த சோற்றைக் காலையில் தாளித்து உண்டோம். பின்னர்த் தோழியைக் காண ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பேருந்தில் சென்றோம். அங்கு வாங்கிய பால்கோவாவே பகலுணவாயிற்று. வீடு திரும்புகையில் கதிரவன் மறைந்துவிட்டான். நூடுல்ஸ் பொட்டலம் ஒன்றைக் கொதிநீரிலிட்டு, விளக்கொளியில் இருவரும் உண்டோம்.

"பாட்டி, பொழுது சாய்ந்தபின் உண்ணக் கூடாது என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?" என்றாள் குழந்தை.

"இன்று ஒரு நாள் மட்டும், கண்ணு" என்றோம்.

"நாளையும் சோம்பலாக இருந்தால் உண்ணலாமா?"

நமக்கு விடை தெரியவில்லை. அந்நாளின் உணவை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தோம்.

முதலாவது, பழைய சோறு. அரிசியில் உள்ள பேசில்லஸ் சீரியஸ் என்னும் நுண்ணுயிரின் வித்துகள் வேகவைத்தாலும் அழியாமல் எஞ்சக்கூடும். சோறு வெளியில் கிடக்கையில் அவை பெருகி நஞ்சை உண்டாக்கும். மீண்டும் சூடாக்கினாலும் அந்நஞ்சு நீங்காதிருக்கலாம். சமைத்த உணவை அறை வெப்பத்தில் 2 மணி நேரத்திற்கு மேல் வைக்கலாகாது என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் அறிவுரை. நம் உடல் கருதி அறிவியல் விலக்குவதை, அதில் தோன்றும் உயிர்களையும் கருதி நம் முன்னோர் விலக்கினர்.

இரண்டாவது, பால்கோவா. 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற இப்பண்டம் பாலும் சர்க்கரையும் சேர்ந்தது. கிளறுபவர் கை சற்றே ஓய்ந்தாலும் அடிபிடித்துவிடும். ஒருவர் அயராது உழைத்துச் செய்ததை நாம் சோம்பலால் பகலுணவாக்கினோம். குற்றம் பண்டத்தில் இல்லை.

மூன்றாவது, பொட்டலம். பச்சைப் புள்ளியைக் கண்டதும் ஐயமின்றி வாங்கியிருந்தோம். உண்ட பின்னரே குழந்தை அதன் பின்புறத்தை உரக்கப் படித்தாள்: வெங்காயத் தூள், பூண்டுத் தூள்! அப்புள்ளி புலாலும் முட்டையும் கலவாமையை மட்டுமே காட்டும். இந்திய உணவு விதிகளின்படி தேன் கலந்த பண்டமும் அப்புள்ளியைப் பெறலாம். தேனையும் கிழங்கையும் விலக்கும் இல்லத்தார்க்கு அப்புள்ளி போதாது. சேர்பொருள்களின் பட்டியலைப் படித்தல் வேண்டும்.

இம்மூன்றிற்கும் வேர் ஒன்றே. உமாசுவாமி அருளிய தத்துவார்த்த சூத்திரம், பிரமாதத்தால், அதாவது கவனமின்மையால், உயிர்க்குத் தீங்கு செய்வதையே இம்சை என வரையறுக்கின்றது. கொல்லும் எண்ணம் நமக்கு இல்லை. எனினும் கவனமும் இல்லையே!

பணிக்குச் செல்லும் தாய்மார்க்கு நாள்தோறும் விரிவாகச் சமைத்தல் அரிது என்பதை அறிவோம். அரிசியை அளந்து இட்டால் சோறு மிஞ்சாது. பாசிப்பருப்பும் அரிசியும் மிளகு சீரகத்துடன் குக்கரில் அரை மணியில் பொங்கலாகும். அதற்கும் இயலாத நாளில் அவலை நனைத்து, வெல்லமும் தேங்காய்த் துருவலும் சேர்த்தால் போதும், வாழைப்பழமும் துணையாகும். எளிய உணவு வேறு, சோம்பல் உணவு வேறு.

மறுநாள் மாலை, வெயில் இருக்கும்போதே குழந்தை தானே அவலைக் களைந்து நனைத்தாள். "நேற்று நான் செய்தது தவறு" என்று அவளிடம் ஒப்புக்கொண்டே உண்ண அமர்ந்தோம். முந்தைய நாள் கூற இயலாத விடை அதுதான்.

இல்லங்களில் ஒரு வாரம் இப்பயிற்சியைச் செய்து பாருங்கள். உண்ணுமுன் குழந்தைகள் மூன்று வினாக்களைக் கேட்கட்டும்: இது எப்போது சமைத்தது? இதில் என்னென்ன உள்ளன? பொழுது இருக்கிறதா? பெரியோர் மறைக்காமல் விடை கூறுவாராக.