எஞ்சின் மாறினால் வயரிங்கும் மாறவேண்டும்

கேள்வி: ஐயா, எங்களிடம் 1964ஆம் ஆண்டு லான்ட் றோவர் ஒன்று இருக்கிறது. சீரிஸ் 2ஏ, குட்டைச் செஸி. அப்பா திணைக்கள ஏலம் ஒன்றில் எடுத்தது. சண்டைக் காலம் முழுக்க வவுனியாவில் உறவுக்காரர் வளவில் நின்றது. சில வருசங்களுக்கு முன் பழைய பெற்றோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு ரொயோற்றா 2எல் டீசல் எஞ்சின் ஏற்றினோம். வயலுக்கும் காட்டுப் பாதைக்கும் இதுதான் ஓடுகிறது. இப்போது பள்ளத்தில் விழுந்தால் எஞ்சின் தானாக நிற்கிறது. திறப்பை ஒருதரம் திருப்பி எடுத்தால் திரும்ப ஸ்ராட் வருகிறது. ஹெட்லைற் மஞ்சளாக எரிகிறது. பிரேக் பிடித்தால் பின் சிக்னல் லைற்றும் சேர்ந்து மங்கலாக எரிகிறது. கொஞ்ச நாளாக டாஷ்போட்டுக்குப் பின்னால் கருகுகிற மணமும் வருகிறது. முழு வயரிங் செற்றையும் இங்கிலாந்தில் இருந்து எடுப்பியுங்கள் என்று ஒரு கராஜில் சொல்கிறார்கள். ஜப்பான் வான் ஒன்றின் வயரிங்கை அப்படியே கழற்றிப் போடலாம் என்று இன்னொருவர் சொல்கிறார். எதைச் செய்வது? காலபோக அறுவடைக்கு முன் முடிக்கலாமா?
வாசகர் ஒருவர், ஒட்டுசுட்டான்

பதில்: தம்பி, மிச்சத்தை வாசிக்க முதல் போய்ப் பற்றரியின் ஒரு வயரைக் கழற்றிவிட்டு வாருங்கள். மற்ற மூன்றும் கரைச்சல்கள். கருகுகிற மணம் ஆபத்து. வைக்கோலும் டீசல் பரலும் இருக்கிற கொட்டிலுக்குள்தான் எங்கள் பக்கத்தில் வாகனத்தையும் விடுகிறோம். இன்றிலிருந்து வேலை முடியும்வரை இரவில் பற்றரி இணைந்தபடி இருக்கக்கூடாது. பற்றரியைத் துண்டிக்கிற திருகு சுவிட்ச் ஒன்று வாங்கிப் பூட்டிவிட்டால் தினமும் ஸ்பானர் தூக்கத் தேவையில்லை.

அந்த மணம் எங்கிருந்து வருகிறது என்பதை ஓரளவு இங்கிருந்தே சொல்லலாம். உங்கள் வாகனத்தில் முதலில் இருந்தது லூக்காஸ் சி40 டைனமோ. அதன் உச்சம் 22 அம்பியர். டைனமோவில் வருகிற சார்ஜ் முழுவதும் டாஷ்போட்டில் உள்ள அம்பியர் மீற்றருக்குள் போய்த்தான் பற்றரிக்கு வரும். அந்தக் காலத்து வடிவமைப்பு அப்படி. 22 அம்பியருக்கு அது போதும். 2எல் எஞ்சினோடு வந்த ஓல்ரனேற்றர் 50, 60 அம்பியர் தரக்கூடியது. அதன் தடித்த வயரை அறுபது வருசப் பழைய கபில நிற வயரோடு முறுக்கி, அதே மீற்றர் வழியாக விட்டிருப்பார்கள். காலையில் குளோ பிளக் சூடாக்கி, ஸ்ராட்டர் அடித்துப் பற்றரி இறங்கியபின், முதல் பத்து நிமிடம் ஓல்ரனேற்றர் முழு மூச்சாகச் சார்ஜ் பண்ணும். மணம் அந்த நேரத்தில்தானே கூட? டாஷ்போட்டைக் கழற்றி மீற்றரின் பின்பக்க நட்டுகளைப் பாருங்கள். ஒன்றாவது நீலம் பாரித்திருக்கும். பக்கத்து வயரின் தோல் விரலால் அமத்த மாவாக உதிரும்.

எஞ்சின் நிற்பதற்குக் காரணம் வேறு. பெற்றோல் எஞ்சினில் திறப்பில் இருந்து கொயிலுக்குப் போன வெள்ளை வயரை நீட்டித்தான் உங்கள் டீசல் பம்பின் சொலனொயிட்டுக்குக் கொடுத்திருப்பார்கள். பம்பின் தலையில் ஒற்றை வயர் போகிற சிறு உருளை இருக்கும், அதுதான். அதற்கு 12 வோல்ற் வந்துகொண்டிருக்கும்வரை டீசல் போகும். கண் இமைக்கிற நேரம் அறுந்தாலும் எஞ்சின் நிற்கும். பழைய திறப்புச் சுவிட்ச் தேய்ந்து, உள்ளே தகடு ஆடுகிறது. அல்லது இடையில் ஒரு ஜொயின்ற் ஆடுகிறது. சோதிக்கச் சுகமான வழி உண்டு. பற்றரியின் பொசிற்றிவில் இருந்து 5 அம்பியர் பியூஸ் வைத்து ஒரு வயரை நேரே அந்தச் சொலனொயிட்டுக்குக் கொடுத்துவிட்டு, வழக்கமாக நிற்கிற அதே பள்ளத்தால் ஓட்டிப் பாருங்கள். நிற்காவிட்டால் பம்பிலோ டீசல் குழாயிலோ பிழையில்லை, பிழை வயரிங்கில்தான். எஞ்சினை நிறுத்த அந்த வயரை உருவவேண்டும், நினைவில் வைத்திருங்கள்.

ஹெட்லைற்றுக்கு வருவோம். 55 வாற் பல்ப் இரண்டும் சேர்ந்து ஒன்பது அம்பியருக்கு மேல் இழுக்கும். பழைய முறைப்படி அந்த மின்னோட்டம் டாஷ்போட்டுச் சுவிட்சுக்குப் போய், காலடியில் சேறு தின்ற டிம் சுவிட்சுக்கு இறங்கி, பிறகுதான் முன்னுக்கு வருகிறது. ஒரு சதுர மில்லிமீற்றர் செம்பு வயரில் ஐந்து மீற்றர் ஓடினாலே 0.8 வோல்ற் வரை வயரிலே போய்விடும். இரண்டு சுவிட்சும் கறள் பிடித்த எர்த்தும் தின்பது வேறு. பல்ப்புக்கு வருகிற வோல்ற்றில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் வெளிச்சத்தில் பத்தில் மூன்று பங்கு குறையும். இருட்டில் நெடுங்கேணிப் பாதையில் யானை நிற்கிறதா என்று தெரியவேண்டிய உங்களுக்கு இது சின்ன விசயம் இல்லை.

பிரேக்கோடு சிக்னல் எரிவது எர்த் பிழை. லான்ட் றோவரின் செஸி இரும்பு, போடி பேர்மாபிரைற் என்ற அலுமினியக் கலவை. பின் லைற்றுகள் அலுமினியத்தில் பூட்டியிருக்க, அந்த அலுமினியம் இரும்பு போல்ற்றால் செஸியைத் தொடுகிறது. ஈரமும் உப்பும் சேர்ந்தால் இரண்டு உலோகமும் தொடுகிற இடத்தில் வெள்ளைத் தூள் பூக்கும், மின்சாரம் போகாது. பிரேக் லைற்றின் மின்சாரம் திரும்பிப் போக வழியில்லாமல் சிக்னல் பல்ப்புக்குள்ளால் போகிறது. முல்லைத்தீவுக் கரைப்பக்கம் அடிக்கடி போய்வருகிற வாகனங்களில் இது கூட. இன்னொன்றும் பாருங்கள். புது எஞ்சின் றப்பர் மவுண்டில் நிற்கிறது. எஞ்சினில் இருந்து செஸிக்கு எர்த் பட்டை போட்டார்களா? போடாத இடங்களில் ஸ்ராட்டரின் மின்சாரம் அக்சிலரேற்றர் கேபிளுக்குள்ளால் போகும். ஸ்ராட் பண்ணும்போது அந்தக் கேபிளைத் தொட்டுப் பாருங்கள், சுட்டால் பட்டை இல்லை.

இனி, எந்த வயரிங் என்ற கேள்வி. பிரித்தானியாவில் நொட்டிங்காம் பக்கம் ஓட்டோஸ்பார்க்ஸ் போன்ற நிறுவனங்கள் சீரிஸ் லான்ட் றோவருக்குப் பழைய நிறங்களோடு முழு செற் செய்கின்றன, நல்ல சாமான். ஆனால் அது 1964இல் தொழிற்சாலையை விட்டு வந்த வாகனத்துக்கான செற். டைனமோவுக்கும் றெகுலேற்றர் பெட்டிக்கும் கொயிலுக்கும் அதில் வயர் இருக்கும். உங்கள் ஓல்ரனேற்றருக்கும் குளோ பிளக்குக்கும் சொலனொயிட்டுக்கும் இருக்காது. பியூஸ் இரண்டே இரண்டு, ஹெட்லைற்றுக்கு அதுவும் இல்லை. 1967வரை வந்த சீரிஸ்களில் பற்றரியின் பொசிற்றிவ்தான் எர்த். உங்களுடையது இப்போது மறுபக்கம். காசைக் கொட்டி அந்தச் செற்றை எடுத்து, வந்த அன்றே அதை வெட்டப் போகிறீர்கள்.

வான் வயரிங் அதைவிட மோசம். வேண்டாத கதவு, ஏசி வயர்கள் எல்லாம் சுருட்டிக் கட்டிக் கிடக்கும். நிறங்களும் முட்டும். ரொயோற்றாவில் வெள்ளையில் கறுப்புக் கோடு போட்ட வயர் எர்த்; லூக்காஸ் முறையில் அதே வயர் கொயிலுக்கும் டிஸ்ரிபியூற்றருக்கும் இடையில் ஓடுவது. இரண்டும் ஒரே டாஷ்போட்டுக்குப் பின்னால் இருந்தால், பின்னொரு நாள் வேறொரு வயரிங்காரர் எதை எங்கே தொடுவார் என்று யோசியுங்கள்.

என் முடிவு: பழையதை முழுதாகக் கழற்றி, இன்று இருக்கிற வாகனத்துக்குப் புதிதாகக் கட்டுங்கள். இடையிடையே ஒட்டுப்போட்டு இனிச் சரிவராது. 1990களின் பொருளாதாரத் தடையில் பெற்றோலும் பற்றரியும் உதிரிப்பாகமும் வன்னிக்கு வராதபோது, கார்களையும் மோட்டார் சைக்கிள்களையும் மண்ணெண்ணெயில் ஓட்டிய கைகள் இங்கே இருக்கின்றன. கிடைத்த வயரில் கிடைத்த ஜொயின்ற் போட்டு நோயாளரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன தொழில் அது. அந்தக் கைத்திறனில் எனக்கு நிறைந்த மரியாதை. ஆனால் வீட்டுக்குப் போடுகிற ஒற்றைக் கம்பி வயரை வாகனத்துக்குப் போடுவது அந்தக் காலத்துக் கட்டாயம். அதிர்வில் அது முறியும். இன்று பல இழை வயர் கடையில் இருக்கும்போது அந்தப் பழக்கத்தைத் தொடரக்கூடாது.

கழற்ற முதல் ஒரு கொப்பி எடுங்கள். வாகனத்தில் மின்சாரம் தேவைப்படுகிற ஒவ்வொன்றையும் எழுதி, பக்கத்தில் எத்தனை அம்பியர், எத்தனை மீற்றர் என்று குறியுங்கள். படம் கையாலே கீறினால் போதும். நிறங்களுக்குப் பழைய லூக்காஸ் ஒழுங்கையே வைத்திருங்கள்: பற்றரி நேரே கபிலம், திறப்பு வெள்ளை, திறப்புக்குப் பின் பியூஸ் தாண்டியது பச்சை, எப்போதும் உயிருள்ள பியூஸ் வயர் ஊதா, பார்க் லைற் சிவப்பு, ஹெட்லைற் நீலம், எர்த் கறுப்பு. எல்லா நிறமும் கொழும்பில் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் ஒரே நாளில் வாங்கலாம். நிறம் கிடைக்கவில்லை என்று சிவப்பிலேயே எல்லாவற்றையும் ஓட்டாதீர்கள்.

ஓல்ரனேற்றரில் இருந்து பற்றரிக்கு 10 சதுர மில்லிமீற்றருக்குக் குறையாத வயர், பற்றரியடியில் 80 அம்பியர் பியூஸ். அம்பியர் மீற்றரை வேலையில் இருந்து எடுத்துவிட்டு, ஒரு சின்ன வோல்ற் மீற்றர் வையுங்கள். ஸ்ராட்டருக்கு 50 சதுர மில்லிமீற்றர் கேபிள், அதே தடிப்பில் எஞ்சினுக்கும் செஸிக்கும் எர்த். ஹெட்லைற்றுக்கு இரண்டு றிலே, ஒன்று டிம், ஒன்று பிறைற், 2.5 சதுர மில்லிமீற்றர் வயர். பழைய சுவிட்சுகள் றிலேயை மட்டும் இயக்கட்டும், அப்போது அவையும் நீடிக்கும். சொலனொயிட்டுக்குத் தனி வயர், தனிப் பியூஸ். அதில் வேறு எதையும், போன் சார்ஜரைக்கூட, கொளுவவேண்டாம்.

குளோ பிளக்கில் கொஞ்சம் நில்லுங்கள். 2எல் எஞ்சின்களுக்கு 12 வோல்ற்றுக்குக் கிட்டிய பிளக்கும் உண்டு, 6 வோல்ற் பிளக்கும் உண்டு. 6 வோல்ற் பிளக்கை றெசிஸ்ரரும் நேரக் கட்டுப்பாடும் இல்லாமல் ஒரு பொத்தானால் நேரே அடித்தால் சில விநாடியில் எரிந்துவிடும். நுனி முறிந்து சிலிண்டருக்குள்ளும் விழலாம். பிளக்கைக் கழற்றி இலக்கத்தைப் பார்த்து, எது என்று நிச்சயப்படுத்தியபின் றிலே வாங்குங்கள். நான்கும் சேர்ந்து 40 அம்பியருக்கு மேல் இழுக்கும். அது திறப்புச் சுவிட்சுக்குள்ளால் போகக்கூடாது.

பின்பக்க வயர்கள் செஸியின் பெட்டி இரும்புக்குள்ளால் போகின்றன. பழையதை உருவும்போது அதன் நுனியில் வலுவான நைலோன் கயிற்றைக் கட்டி இழுங்கள். கயிறு உள்ளே நின்றால்தான் புதியதைக் கொண்டுபோகலாம். இரும்புத் தட்டியைத் துளைத்துப் போகிற ஒவ்வொரு இடத்திலும் றப்பர் வளையம் கட்டாயம். ஒவ்வொரு பின் லைற்றுக்கும் தனிக் கறுப்பு வயர் கொண்டுபோய், செஸியில் பெயின்ற்றைச் சுரண்டிய ஒரே போல்ற்றில் சேர்த்து, இறுக்கியபின் கிறீஸ் பூசுங்கள். ஜொயின்ற்றுகளுக்கு ஈயப் பற்று வேண்டாம். பற்று முடிகிற விளிம்பில் வயர் விறைத்து அதிர்வில் முறியும். சரியான நசுக்குக் குறட்டால் நசுக்கி, பசையுள்ள சுருங்கு குழாய் போடுங்கள். சாதாரணக் குறட்டால் நசுக்கிய லக் முதல் மாரியிலேயே பச்சை பூக்கும். நெளி குழாய் போடுவதானால் அடிப்பக்கம் துளை விடுங்கள், வயல் தண்ணீர் உள்ளே தங்கக்கூடாது.

கட்டி முடிந்ததும் பற்றரியை நேரே கொளுவவேண்டாம். பற்றரியின் பொசிற்றிவுக்கும் வாகன வயருக்கும் இடையில் 21 வாற் பிரேக் பல்ப் ஒன்றை வைத்து, எல்லாச் சுவிட்சையும் நிறுத்தி, பியூஸ்களையும் கழற்றிவிட்டுக் கொளுவுங்கள். பல்ப் முழுதாக எரிந்தால் எங்கோ ஷோட். பல்ப் எரிவதோடு போய்விடும், வயர் எரியாது. எரியாவிட்டால் பியூஸ்களை ஒவ்வொன்றாகப் போட்டு வாருங்கள். பிறகு பல்ப்பை எடுத்து, எஞ்சினை ஓடவிட்டு, ஹெட்லைற்றைப் போட்டு மல்ரிமீற்றரின் ஒரு முனையைப் பற்றரி பொசிற்றிவிலும் மறுமுனையைப் பல்ப்பின் உயிர் வயரிலும் வையுங்கள். அரை வோல்ற்றைத் தாண்டக்கூடாது. எர்த் பக்கமும் அதேபோல் பாருங்கள், அங்கே 0.2 போதும்.

எஞ்சின் மாற்றியதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிந்தீர்களா என்று எழுதவில்லை. பதிவுப் புத்தகத்தில் எஞ்சின் இலக்கம் பழையது என்றால் அதையும் இதோடு சரிப்படுத்துங்கள்.

அறுவடைக்கு முன் எல்லாம் முடியுமா என்றால், அவசரப்பட வேண்டாம். மழை தொடங்க முதல் நான்கைச் செய்தால் போதும்: பற்றரிச் சுவிட்ச், ஓல்ரனேற்றரின் புது வயர், எஞ்சின் எர்த், சொலனொயிட்டின் தனி வயர். பழைய கபில வயரை மீற்றரில் இருந்து கழற்றி, அதற்கும் பற்றரியடியில் 30 அம்பியர் பியூஸ் ஒன்று வைத்தால் மாரியைத் தாண்டலாம். நெல் வீட்டுக்கு வந்தபின் டாஷ்போட்டை முழுதாகக் கழற்றுங்கள். முடித்த பிறகு ஒரு கிழமை கிறவல் றோட்டில் ஓடிவிட்டு, எர்த் போல்ற்றுகளையும் பற்றரித் தலைகளையும் இன்னொருதரம் இறுக்குங்கள். அலுமினியத்தில் பூட்டியவை முதல் கிழமையில் தளரும்.